ஏழாவது தாண்டலில் தப்பாக வளைந்த குழாய்

என் மனைவி ஓய்வு பெற்றதையொட்டிப் பல்கலைக்கழகக் கணிதத்துறை ஒரு மலர் வெளியிட்டிருக்கிறது. வழவழப்பான தாள், நான்கு வண்ண அட்டை, உள்ளே அவளைப் பற்றிப் பதினோரு வரி. பிறந்த வருடம் சரி, பட்டங்கள் சரி. நடுவில் ஒரு வரி இப்படிப் போகிறது: "குடும்பச் சூழ்நிலை காரணமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆய்வுப் பணியிலிருந்து விலகியிருந்தார்."

அந்தக் குடும்பச் சூழ்நிலை நான்தான். நானும் என் மகளும். எங்கள் இருவர் தலையிலும் இப்படி ஒரு பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு, அட்டையில் பூங்கொத்துப் படம் வேறு போட்டிருக்கிறார்கள். அவள் படித்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் முப்பத்தைந்து வருடமாக ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவன். எங்கே ஒழுகுகிறது என்று தெரிந்த பிறகு பார்க்காதது போல் இருக்க எனக்கு வராது. அதனால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அவளை முதலில் பார்த்தது அந்தத் துறையின் நூலகத்தில். ஏசி தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ஏணி போட வேண்டிய இடத்தில், இரண்டு அலமாரிகளுக்கு நடுவே, ஒரு பெண் தரையில் உட்கார்ந்து துணி காயப்போடும் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா?" என்றேன்.

"ரெண்டே நிமிஷம்" என்றாள்.

நாற்பது நிமிடம் ஆயிற்று. ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆள் படிப்பாளியா, மண்டையில் ஏதாவது கோளாறா என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் பொறுக்காமல், என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டேன். சொன்னாள்.

ஒரு கயிற்றில் எப்படியோ முடிச்சுப் போட்டு, பிறகு இரண்டு நுனியையும் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். இனி அது அவிழாது. இன்னொரு கயிற்றில் வேறு மாதிரி முடிச்சுப் போட்டு அதையும் ஒட்டிவிட வேண்டும். கேள்வி இதுதான்: எங்கேயும் வெட்டாமல், இழுத்தும் நெளித்தும் ஒன்றை இன்னொன்றாக மாற்ற முடியுமா? முடிந்தால் இரண்டும் ஒரே முடிச்சு, முடியாவிட்டால் வேறு வேறு. சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன். இதற்காக வாழ்க்கையையே கொடுத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம்.

"கயிறு சொன்ன பேச்சு கேக்காதுங்க. காப்பர் குழாய்ல வளைச்சா அப்படியே நிக்கும்" என்றேன்.

அவள் என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "வளைச்சுக் குடுப்பீங்களா?"

கல்யாணத்துக்குள் பதினான்கு முடிச்சு வளைத்துக் கொடுத்திருந்தேன். அவளுடைய அண்ணன், "ஆராய்ச்சி பண்ற பொண்ணுக்கு ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரரா?" என்று என் காதுபடவே கேட்டார். அவள் சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "அவர் செஞ்சது சரியா தப்பான்னு அன்னிக்கே தெரிஞ்சுடும்ணே. எங்க துறையில யாருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது."

துறையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'ஏன் மேடம்'. கருத்தரங்குகளில் யாராவது கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்து, "இது தெளிவு" என்று சொல்லி அடுத்த வரிக்குத் தாவினால், பின் வரிசையிலிருந்து இவள் கை தூக்குவாள். "ஏன்?" அவ்வளவுதான் கேட்பாள். அதற்குள் பேசுகிறவருக்கு வியர்த்துவிடும். வீட்டிலும் அப்படித்தான். சாம்பல் நிறச் சட்டை எனக்குப் பொருந்தாது என்று நான் சொன்னால்கூட ஏன் என்பாள். நான் அவளைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவேன். தெருவில் நான் 'கணக்கம்மா வீட்டுக்காரர்'.

ஒன்பது வருடம் தற்காலிக விரிவுரையாளராக இருந்தாள். வருடா வருடம் ஒரே ஒரு நாள் வேலையை விட்டு நிறுத்தி, மறுநாள் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தாள் என்று அவள் நிரந்தரம் கேட்டுவிடக் கூடாதல்லவா? அந்த ஒரு நாளும் அவள் போய் வகுப்பெடுத்துவிட்டு வருவாள். மகள் பிறந்தாள், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள், இவள் இன்னும் தற்காலிகம்.

துறைத்தலைவரை எல்லோரும் 'பெரிய சார்' என்பார்கள். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். என் பட்டறைக்கே வந்து என் கையைப் பிடித்து, "உங்க வீட்டம்மா மாதிரி ஒரு மூளை எங்க துறையில இல்லங்க" என்றவர். அவருடைய பெருமை ஒரு தேற்றம். ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு எண்ணைக் கணக்கிடலாம். கயிற்றை எப்படி இழுத்தாலும் அந்த எண் மாறாது. ஆக, எண் வேறானால் முடிச்சும் வேறு. எண் ஒன்றாக இருந்தால் முடிச்சும் ஒன்றுதானா? பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் குறிப்பிட்ட ஒரு குடும்பத்தைச் சேர்ந்த முடிச்சுகளுக்கு அப்படித்தான் என்று அவர் இளவயதில் நிரூபித்திருந்தார். கருத்தரங்க அறையின் சுவரில் அந்தத் தேற்றத்தை நீல எழுத்தில், ஒவ்வொரு எழுத்தும் முழங்கை நீளத்துக்கு வரும்படி எழுதி வைத்திருந்தார்கள். ஏசி பார்க்கப் போகும்போதெல்லாம் நானும் பார்ப்பேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

இவர்கள் முடிச்சை வரைகிற விதம் ஒன்று உண்டு. ஒரு கோட்டை இன்னொரு கோடு தாண்டும் இடத்தில், கீழே போகிற கோட்டை அறுத்து வரைவார்கள். அறுந்திருந்தால் கீழே, அறுபடாமல் இருந்தால் மேலே. அதைப் பார்த்துத்தான் நான் குழாயை வளைப்பேன். ஒரு நாள் பதினோரு தாண்டல் உள்ள ஒரு படத்தைக் கொடுத்தாள். நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் பட்டறையில் பிரித்தால், ஏழாவது தாண்டல் சரியாக மடிப்பின் மேல் விழுந்திருக்கிறது. மை உதிர்ந்து, இரண்டு கோடுமே அறுந்தது போல் தெரிகிறது. வீட்டுக்கு ஒரு போன் போட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? போடவில்லை. எனக்குத் தெரியாததா என்ற திமிர். குத்துமதிப்பாக ஒன்றை மேலே விட்டு வளைத்தேன். நுனி இரண்டையும் பற்றவைத்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, சாப்பாட்டு மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் படத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தே எண்ணைக் கணக்கிட்டுவிட்டாள். என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை. கணக்கில் வந்த எண், எங்கள் ஃபிரிட்ஜ் தலைமேல் இரண்டு வருடமாகக் கிடந்த இன்னொரு முடிச்சின் எண். இரண்டும் அந்தக் குடும்பத்து முடிச்சுகள்தான். பெரிய சாரின் தேற்றப்படி இரண்டும் ஒன்றாக இருந்தாக வேண்டும். கயிற்றை எடுத்துக்கொண்டு ஒன்றை மற்றதாக மாற்றிக் காட்ட உட்கார்ந்தாள். இருபத்து மூன்று நாள் இழுத்தாள், நெளித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து நான்காம் நாள்தான் படத்தைக் கொண்டுவந்து குழாயோடு ஒப்பிட்டாள்.

"ஏங்க, ஏழாவதுல மேல போக வேண்டியது கீழ போயிருக்கு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. "அட, அதுக்கென்ன, அஞ்சு நிமிஷத்துல வெட்டி மாத்திடறேன்" என்று குழாய் வெட்டுகிற கருவியை எடுத்தேன்.

"தொடாதீங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவை இல்லை. குழாயை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். படத்தில் இருந்த முடிச்சு எப்படியோ போகட்டும், என் கை தப்பாகச் செய்த முடிச்சும் ஒரு முடிச்சுதானே? அதற்கும் அந்த எண்தானே வருகிறது? ஃபிரிட்ஜ் மேல் இருப்பதும் இதுவும் உண்மையிலேயே வேறு வேறு என்றால், சுவரில் எழுதியிருப்பது பொய்.

வேறு வேறு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க ஒன்பது மாதம் பிடித்தது. பெரிய சாரின் பழைய நிரூபணத்தையும் வரி வரியாகத் துருவினாள். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அந்த வார்த்தை: "தெளிவு". முப்பது வருடமாக யாரும் அங்கே ஏன் என்று கேட்கவில்லை.

அவரிடமே முதலில் போய்ச் சொன்னாள். அதுதான் மரியாதை என்றாள். அவர் நான்கு நாள் எடுத்துக்கொண்டு, ஐந்தாம் நாள் கூப்பிட்டார். அவள் வந்து என்னிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

"தப்பு இருக்குதும்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு இன்னும் பதினாலு மாசம்தான் சர்வீஸ். ரிடையர் ஆகிப் போயிடறேன். அப்புறம் நீங்க தாராளமா வெளியிடுங்க. நிரந்தர வேலைக்கு அடுத்த மாசம் நேர்காணல் வருது. நான்தான் குழுத்தலைவர். உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு?"

"சார், முடிச்சு ரெண்டு, எண்ணு ஒண்ணு. பதினாலு மாசம் கழிச்சும் அது அப்படியேதான் இருக்கும். அப்போ இன்னிக்கே சொன்னா என்ன?"

"அவசரம் என்னம்மா?"

"இந்தத் தேற்றத்தை நம்பி வேலை செய்யறவங்க இருக்காங்க சார். இந்தப் பதினாலு மாசத்தையும் அவங்க இதுமேல கொட்டுவாங்க. அதை யாரு திருப்பிக் குடுக்கறது?"

அன்று சாயங்காலம் நான் அவள் பக்கம் பேசவில்லை. இதை மறைக்க மாட்டேன். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒன்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாயிற்று, வேலை கைக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறது, இப்போது போய் வீம்பு பிடிக்கலாமா?

"பதினாலு மாசம் சும்மா இருந்தா என்ன கெட்டுப்போகுது கணக்கு? யாரு செத்துப்போறா?"

"நீங்க கேஸ் கசியுற ஃபிரிட்ஜை அடைக்காம மேல பெயின்ட் மட்டும் அடிச்சுக் குடுப்பீங்களா?"

ஒரே ஒரு முறை அப்படிக் கொடுத்திருக்கிறேன். அதை அவளிடம் சொல்லியும் இருக்கிறேன். புருஷன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது.

மறுநாள் நான்கு பக்கக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பினாள். நேர்காணலில் அவளிடம் கணிதத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சக ஊழியர்களோட அனுசரிச்சுப் போவீங்களா?" என்று கேட்டார்கள். "கணக்கு சரியா இருந்தா போவேன்" என்றாளாம். வேலை வேறொருவருக்குப் போயிற்று. வருடக் கடைசியில் வழக்கமான ஒரு நாள் நிறுத்தம் வந்தது. மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கு மறுநாளும் கூப்பிடவில்லை. அவள் மேசையைக் காலி செய்து, பதினேழு காப்பர் முடிச்சுகளை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பல்கலைக்கழக வாசலைத் தாண்டும் வரை அவள் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தாள். தாண்டிய பிறகு அழுதாள். நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் திரும்பிப் போய் யாரையாவது அடித்திருப்பேன்.

பட்டறைக்கு மேலே ஒரு அறை சும்மா கிடந்தது. பழைய கதவுகளும் ஓட்டை கம்ப்ரெஸர்களும் போட்டு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டு வெள்ளையடித்து, ஒரு கரும்பலகையும் இரண்டு பெஞ்சும் போட்டேன். சாயங்காலங்களில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். காலை பத்திலிருந்து மூன்று மணி வரை அந்த அறையில் அவளும் முடிச்சுகளும்தான். மேலே ஏறி யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. நான் உட்பட.

கட்டுரையை ஆய்விதழ்க்காரர்கள் இரண்டு வருடம் சோதித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன் ஆசிரியரின் நிறுவனத்தின் பெயர் கேட்டு எழுதினார்கள். இவளுக்கு ஏது நிறுவனம்? இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் என் பட்டறையின் பெயரை எழுதி அனுப்பிவிட்டாள். உலகத்தின் பெரிய மூளைகளெல்லாம் எழுதுகிற இதழில், அவள் பெயருக்குக் கீழே 'குளிர்பதனப் பழுதுபார்ப்பு நிலையம், மாடி' என்று அச்சாகி வந்தது. முதல் பக்கத்துக்கு அடியில் ஒரு குறிப்பு வேறு: "இரண்டாவது முடிச்சு முதன்முதலில் என் கணவரால் தவறுதலாகச் செய்யப்பட்டது. அவருக்கு என் நன்றி." தப்பு செய்ததற்கு அச்சில் நன்றி வாங்கிய மெக்கானிக் என்னைத் தவிர இன்னொருவன் இருந்தால் காட்டுங்கள்.

அதற்குப் பிறகு வேடிக்கைதான். எங்கெங்கோ இருந்து பட்டறை விலாசத்துக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர், உங்கள் நிலையத்தில் வருகை ஆய்வாளருக்கு இடம் உண்டா என்று கேட்டிருந்தார். ஒரு நாற்காலி இருக்கிறது, கம்ப்ரெஸர் சத்தம் பழகிக்கொள்ள வேண்டும் என்று இவள் பதில் போட்டாள். அந்த மனிதர் உண்மையிலேயே வந்துவிட்டார்! மூன்று வாரம் மாடியில் உட்கார்ந்து வேலை செய்தார். எனக்கும் சாவி, ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார்.

உடைத்துப் போட்டதோடு அவள் விட்டுவிடவில்லை. அந்தத் தேற்றம் ஏன் ஒழுகியது என்று தேடினாள். பழைய எண் போதாது, அது எதையோ பார்க்கத் தவறுகிறது. என் இரண்டு முடிச்சுகளையும் பிரித்துக் காட்டுகிற வேறொரு எண் வேண்டும். பதினோரு வருடம் தேடினாள். நடுவில் இரண்டு முறை கிடைத்துவிட்டது என்று குதித்தாள். இரண்டு முறையும் அவளே ஓட்டை கண்டுபிடித்து, எழுதியதைக் கிழித்துப் போட்டாள். இரண்டாவது முறை ஒரு வாரம் மாடிக்கே போகவில்லை. எட்டாம் நாள் பத்து மணிக்குப் போனாள். மூன்றாவது முறை கிடைத்தது நின்றது. அந்தக் குடும்பத்தில் எந்த இரண்டு முடிச்சானாலும் புது எண் பிரித்துச் சொல்லிவிடும். அந்த நிரூபணத்தில் 'தெளிவு' என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. நானே பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடிப் பார்த்தேன்.

விலகியிருந்தாராம்!

அந்தக் கட்டுரை வந்த மறு வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. பேராசிரியர் பதவி, நிரந்தரம். அவளுக்கு ஐம்பது வயது. நான் கடிதத்தை அவள் கையிலிருந்து பிடுங்கி மூன்று முறை படித்தேன். மகள் தெருவுக்கே கேட்கும்படி விசிலடித்தாள். அவள் மட்டும் பேனாவை எடுத்துப் பதில் எழுத உட்கார்ந்தாள்.

"என்ன எழுதறே?"

"சுவர்ல இன்னும் அது இருக்குதாம். விசாரிச்சேன்."

வருகிறேன், ஆனால் சுவரில் இருப்பது தப்பு என்று சுவரிலேயே தெரிய வேண்டும் என்று எழுதியிருந்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முன் போன அதே வேலை, அதே காரணத்துக்காக மறுபடி போகப் போகிறது. இந்த முறை நான் சண்டை போடவில்லை. போடத் தோன்றவும் இல்லை. போனால் போகட்டும், மாடி இருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது.

நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பேசிப் பார்த்தார். "பழைய தலைவர் எழுதினது மேடம். அழிச்சா அவருக்கு அவமானம் இல்லையா?"

"அழிக்கச் சொல்லலையே. எழுதினது இருக்கட்டும். அதுக்குக் கீழ என் ரெண்டு முடிச்சையும் மாட்டுங்க."

குழு போட்டார்கள், கூட்டம் போட்டார்கள், நான்கு மாதம் இழுத்தடித்தார்கள். கடைசியில், மேடமே ஏதாவது செய்துகொள்ளட்டும் என்று கைகழுவிவிட்டார்கள். அது போதுமே எனக்கு.

அவள் பணியில் சேர்ந்த நாளில் நான் டிரில்லும் நான்கு கொக்கியும் கொண்டுபோனேன். கருத்தரங்க அறையில் முப்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பெரிய சார் உட்கார்ந்திருந்தார். எழுபது தாண்டிவிட்டது, கையில் தடி. அவர் வருவார் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நீல எழுத்துக்கு நேர் கீழே துளை போட்டு இரண்டு முடிச்சையும் மாட்டினேன். நான் இறங்கியதும் அவர் எழுந்து சுவர்ப் பக்கம் வந்தார்.

"எந்த இடத்துல தப்பா வளைச்சீங்க?" என்று என்னிடம் கேட்டார்.

ஏழாவது தாண்டலைக் காட்டினேன். அங்கே விரலை வைத்து, குழாய் போன வழியெல்லாம் தடவிக்கொண்டே போய், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

"ஏன் மேடம்னு பேர் வெச்சதுக்குப் பதிலா, உங்களை அன்னிக்கே நான் முன்வரிசையில உக்கார வெச்சிருக்கணும்" என்று அவளிடம் சொன்னார். பிறகு தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இடது பக்கத்துது கொஞ்சம் சாய்ஞ்சிருக்குங்க. நேரா மாட்டுங்க."

சாய்ந்துதான் இருந்தது. மறுபடி ஏறி நேராக்கினேன்.

அதற்குப் பிறகுதான் அவள் அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட உட்கார்ந்தாள். பெயர், பிறந்த தேதி, கல்வித்தகுதி எல்லாம் எழுதினாள். 'இதற்கு முன் ஆய்வு மேற்கொண்ட நிறுவனம், காலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. என் பட்டறையின் பெயரை எழுதி, பன்னிரண்டு ஆண்டுகள் என்று பக்கத்தில் போட்டாள்.

குமாஸ்தா எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார். "மேடம், இது ரிப்பேர் கடை பேரு மாதிரி இருக்கே. இங்க ஏதாவது காலேஜ், யுனிவர்சிட்டி பேருதான் வரணும். இல்லேன்னா 'குடும்பச் சூழ்நிலை, இடைவெளி'ன்னு போட்டுடலாமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"இடைவெளியா? ஏன்?" என்றாள்.

எழுதியதை மாற்றாமல் கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். அந்தப் பதிவேடு அதே அலுவலகத்தில், இடது பக்க அலமாரியில், இரண்டாம் தட்டில் இருக்கிறது. மலரில் பதினோரு வரி எழுதியவர் எழுந்து போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.